எல்சி இங்கில்ஸ்: எடின்பரோவின் பெண் வைத்தியர்

நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, பாடசாலை நினைவுகளை எழுத என்னிலும் மூத்த அக்காமார் பலர் இருக்கிறார்கள் என்று சொல்லி, ஒரு வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். நான் எழுதப்போகின்றவர் எங்கள் பாடசாலையில் படித்தவர் அல்லர். இலங்கைக்கு வந்தவரும் அல்லர். ஆனால் அவரும் ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவி. வைத்தியராக வாழ்ந்து, வைத்தியராகவே இறந்தவர். அந்த உரிமையில் இந்த மலரில் அவருக்கு நான்கு பக்கம் கேட்கிறேன்.

மேற்படிப்புப் பயிற்சிக்காக ஸ்கொட்லாந்தில் இருந்த ஆண்டில், கடமையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடின்பரோ நகரின் மேற்கிலுள்ள டீன் சேமக்காலைக்குப் போனேன். லீத் ஆறு ஆழமான பள்ளத்தில் ஓட, அதன் மேட்டில் மரங்களுக்கு நடுவே அமைந்த இடம் அது. 1846 இல் திறக்கப்பட்டது. அந்த நகரத்தின் பெரிய மனிதர்கள் பலர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். நகரத்தின் அழகான கட்டடங்கள் பலவற்றை வரைந்த வில்லியம் பிளேஃபெயர், புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான டேவிட் ஒக்டேவியஸ் ஹில், நோயாளி வாய் திறக்குமுன்பே அவருடைய தொழிலையும் ஊரையும் சொல்லிவிடும் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோசப் பெல் ஆகியோர் அங்கே இருக்கிறார்கள். பெல்லிடம் படித்த கொனன் டொயில் என்ற மருத்துவ மாணவர்தான் பின்னாளில் அவரை மாதிரியாக வைத்து ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்தார்.

எங்கள் நாட்டோடு தொடர்புடைய ஒரு கல்லறையும் அங்கே உண்டு. ஏழைக் குடியானவரின் மகனாகப் பிறந்து, சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, தளபதியாக உயர்ந்த சேர் ஹெக்டர் மக்டொனல்டின் கல்லறை. இலங்கையில் படைத்தலைவராக இருந்தபோது அவர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. இராணுவ விசாரணைக்காக இலங்கைக்குத் திரும்பும் வழியில், 1903 மார்ச்சில், பாரிஸ் நகர ஹோட்டல் ஒன்றில் தன்னைச் சுட்டுக்கொண்டார். அவரை ஒரு விடியற்காலையில் ஆரவாரம் எதுவுமின்றி இங்கே அடக்கம் செய்தார்கள். அது வேறு கதை. நான் தேடிப் போனது எல்சி இங்கில்ஸை.

1864 ஆகஸ்ட் 16 இல், இமயமலை அடிவாரத்திலுள்ள நைனிதாலில் எல்சி பிறந்தார். தகப்பனார் ஜோன் இங்கில்ஸ் இந்தியாவில் பெரிய உத்தியோகத்தர். பெண் சிசுக்கொலையை எதிர்த்தவர், பெண் கல்விக்கு ஆதரவு காட்டியவர். மேலிடத்தின் கொள்கையோடு ஒத்துப்போக முடியாமல் உத்தியோகத்தை விட்டு, சில காலம் தஸ்மேனியாவில் தங்கி, 1878 இல் குடும்பத்தோடு எடின்பரோவில் குடியேறினார். மகளோடு ஒரு தோழனைப் போலப் பழகியவர் அவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் பாடசாலைப் படிப்போடு நின்றுவிடாமல் மேலே போனதற்கும், வீட்டில் எல்லாரும் ஒன்று சொல்ல அப்பா ஒருவர் வேறொன்று சொன்னதுதான் காரணமாக இருக்கும்.

பதினான்கு வயதில் எல்சி சேர்ந்த பாடசாலை, சார்லட் சதுக்கம் என்னும் இடத்தில் 23 ஆம் இலக்க வீட்டில் நடந்த பெண்கள் கல்விக்கூடம். சதுக்கத்தின் நடுவே அழகான ஒரு தோட்டம். அது சுற்றியுள்ள வீட்டுக்காரருக்கு மட்டுமே உரியது, சாவியும் அவர்களிடமே. மாணவிகளுக்கோ விளையாட ஓர் அடி நிலம் இல்லை. அந்தத் தோட்டத்தில் விளையாட விடக்கூடாதா என்று எல்சி பாடசாலைப் பெரியவர்களிடம் போய்க் கேட்டார். சதுக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் சம்மதித்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அது நடக்கிற காரியமல்ல என்ற நினைப்பில்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள். எல்சியோ இன்னொரு மாணவியையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக மணியடித்து, எல்லாருடைய சம்மதத்தையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். தோட்டம் திறந்தது. பிற்காலத்தில் யுத்த அமைச்சுகளோடும் தூதரகங்களோடும் அவர் நடத்திய பேச்சுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மணியடிப்புத்தான் நினைவுக்கு வரும்.

பாரிசில் ஓராண்டு படித்துத் திரும்பினார். 1885 இல் தாயார் ஸ்கார்லட் காய்ச்சலால் இறந்தார். இன்று சில நாள் பெனிசிலினோடு தீரும் நோய். தகப்பனைத் தனியே விட்டு எங்கேயும் போவதில்லை என்று இருந்த மகளுக்கு, அடுத்த ஆண்டு எடின்பரோவிலேயே வழி திறந்தது. பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையை அங்கே தொடங்கினார் சோபியா ஜெக்ஸ்-பிளேக்.

இந்த அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1869 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க நுழைந்த ஏழு பெண்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அடுத்த ஆண்டு அவர்கள் பரீட்சை மண்டபத்துக்குப் போன வழியில் ஆண் மாணவர் கூடி நின்று சேறு வீசினார்கள், கதவை அடைத்தார்கள், மண்டபத்துக்குள் ஓர் ஆட்டையும் தள்ளிவிட்டார்கள். கடைசியில் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்துவிட்டது. அந்தக் கதவை உடைத்தவர்களில் முதலாமவர் ஜெக்ஸ்-பிளேக் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாடசாலைத் தலைவியாக அவர் மிகவும் கண்டிப்பானவர். கடடெல் சகோதரிகள் என்ற இரு மாணவிகள், ஒரு நோயாளியைப் பார்ப்பதற்காக விதித்த நேரத்துக்கு மேல் வைத்தியசாலையில் நின்றதைக் குற்றமாக்கி, அவர்களை வெளியேற்றினார். அவர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். எல்சி அவர்களின் பக்கம் நின்றார். நின்றதோடு விடவில்லை. தகப்பனாரும் நண்பர்களும் துணைநிற்க, 1889 இல் போட்டியாக இன்னொரு மருத்துவக் கல்லூரியையே நிறுவிவிட்டார். அப்போது அவருக்கு 25 வயது, இன்னும் மாணவி. ஜெக்ஸ்-பிளேக்கின் பாடசாலை மெல்ல மெல்ல மாணவிகளை இழந்து 1898 இல் மூடப்பட்டது.

இதில் யார் சரி என்று என்னிடம் கேட்டால், மாணவிகளை வெளியேற்றியது பிழை என்பேன். ஆனால் சேற்றடி வாங்கிய ஒரு தலைமுறைக்கு, சிறு குற்றத்தைக்கூட எதிரிகள் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் இருந்திருக்கும். அந்தப் பயம் இளையவர்களுக்குப் புரிவதில்லை. எங்கள் விடுதியில் மாலை மணிக்குப் பின் வெளியே நின்றதற்கு முழங்காலில் நின்றவர்கள் இதை இரண்டு பக்கமும் வைத்து யோசிப்பார்கள்.

புதிய கல்லூரி தொடங்கியும் எடின்பரோவில் பெண்களுக்கு வாட்டுப் பயிற்சி போதிய அளவு கிடைக்கவில்லை. எல்சி கிளாஸ்கோவுக்குப் போய், புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் மக்யூவனிடம் பயின்று, 1892 இல் வைத்தியத் தகைமை பெற்றார். லண்டனில் எலிசபெத் கரெட் அண்டர்சன் நடத்திய பெண்கள் வைத்தியசாலையிலும், டப்ளின் ரொட்டன்டா மகப்பேற்று வைத்தியசாலையிலும் வேலை செய்தார். 1894 இல் தகப்பனார் காலமானார். அதே ஆண்டு ஜெசி மக்கிரெகர் என்ற வைத்தியத் தோழியோடு சேர்ந்து எடின்பரோவில் தொழிலைத் தொடங்கினார். முன்பு பெண்களை விரட்டிய பல்கலைக்கழகம் அதற்குள் மனம் மாறியிருந்தது. 1899 இல் அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தையும் எல்சி பெற்றார்.

இங்கே அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதி. யுத்தக் கதை பெரிதாகிவிட்டதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அதிகம் பிடித்த பகுதி.

லண்டனில் வேலை செய்த நாட்களிலேயே அவரை உறுத்திய ஒரு விஷயம், மனைவிக்குச் சத்திரசிகிச்சை தேவையென்றாலும் கணவன் சம்மதிக்காவிட்டால் அது நடவாது என்பது. வலி அவளுக்கு, முடிவு அவனுக்கு. எடின்பரோவின் பழைய நகரத்தில், ஒடுக்கமான மாடிக் குடியிருப்புகளில், ஒரே அறைக்குள் முழுக் குடும்பமும் இருக்க அங்கேயே பிள்ளை பிறந்தது. 1899 இல் அவர் பெண்களுக்கென ஒரு சிறிய வைத்தியசாலையைத் திறந்தார். 1904 இல் அது ஹை ஸ்ட்ரீட் 219 ஆம் இலக்கத்துக்கு மாறியது. பணக்காரப் பகுதியை விட்டு, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த தெருவுக்கே அதைக் கொண்டுபோனதில்தான் அவருடைய எண்ணம் தெரிகிறது. அங்கே பெண் வைத்தியர்களே பார்த்தார்கள், பெண் மாணவிகளே மருத்துவிச்சிப் பயிற்சி பெற்றார்கள். காசில்லாதவர்களிடம் அவர் பல வேளைகளில் கட்டணம் வாங்குவதில்லை. பிள்ளை பெற்று இளைத்துப் போனவர்களைத் தன் செலவில் கடற்கரை ஊருக்கு அனுப்பி வைத்ததும் உண்டு.

ஏறத்தாழ அதே காலத்தில், 1898 இல், யாழ்ப்பாணத்தில் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருடைய அம்மாமார், அம்மம்மாமார் அங்கே பிறந்தவர்கள்!

கணவன் சம்மதம் பற்றிய அந்த உறுத்தல்தான் அவரை வாக்குரிமை இயக்கத்துக்குக் கொண்டுபோனது. பகலில் நோயாளிகள், இரவில் கூட்டங்கள், ஊர் ஊராக ரயில் பயணம். ஸ்கொட்லாந்துப் பெண்கள் வாக்குரிமைச் சங்கங்களின் கூட்டமைப்புக்கு 1909 முதல் அவர் செயலாளர். கல்லெறிந்து சிறை சென்ற பிரிவினரோடு அவர் சேரவில்லை. சட்டத்துக்குட்பட்டுக் கேட்ட பிரிவையே சார்ந்திருந்தார். இன்றும் எங்கள் வாட்டுகளில் ஒப்பப்படிவத்தை நீட்டும்போது, பேனாவை வாங்குமுன் கணவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற பெண்களை நான் காண்கிறேன். சட்டம் எப்போதோ மாறிவிட்டது.

1914 ஆகஸ்டில் யுத்தம் தொடங்கியபோது எல்சிக்கு வயது 50. இருபது வருட அனுபவமுள்ள சத்திரசிகிச்சை வைத்தியர். பெண்கள் மட்டுமே பணியாற்றும் ஒரு யுத்த வைத்தியசாலையை அமைத்துத் தருவதாக எடின்பரோவில் இராணுவ அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கும்படி அங்கிருந்த அதிகாரி அவருக்குப் பதில் சொன்னதாக வரலாறு. எல்சி வீட்டுக்குப் போகவில்லை. தன் சொந்த நாட்டு அரசு மறுத்ததை நட்பு நாடுகளின் அரசுகளிடம் கேட்டார். பிரான்சும் சேர்பியாவும் உடனே ஏற்றன.

இப்படித்தான் ஸ்கொட்லாந்துப் பெண்கள் வைத்தியசாலைகள் என்ற அமைப்புப் பிறந்தது. எல்சி முதல் 100 பவுணைத் தானே போட்டார். யுத்தம் முடியுமுன் ஏறத்தாழ நாலரை இலட்சம் பவுண் சேர்ந்தது. 14 அணிகள் போயின. வைத்தியர், தாதியர், வண்டி ஓட்டுநர், சமையற்காரர் எல்லாரும் பெண்கள். சாம்பல் நிறச் சீருடை, ஓரங்களில் ஸ்கொட்லாந்துக் கட்டங்கள். பணம் சேர்த்த முறையைக் கேட்டால் எங்கள் சங்கத்தின் பொருளாளருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஒரு கட்டிலுக்குரிய செலவை ஒரு ஊரோ, ஒரு பாடசாலையோ ஏற்றால் அந்தக் கட்டிலின் தலைமாட்டில் அவர்களின் பெயர் எழுதப்படும். கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளான கர்ட்டனும் நியூனமும் சேர்ந்து ஒரு முழு அணியையே அனுப்பின. அது அவர்களின் பெயரிலேயே பிரான்சிலும் பின்னர் கிரேக்கத்தின் சலோனிக்காவிலும் வேலை செய்தது. பிரான்சில் ரொயோமோன் என்ற பழைய மடத்தில் பிரான்சிஸ் ஐவன்ஸ் தலைமையில் நடந்த வைத்தியசாலை தனியே ஒரு கட்டுரைக்குரியது.

சேர்பியாவுக்கு முதலில் போனவர் வைத்தியர் எலனர் சொல்டோ. அவருடைய அணி கிராகுயேவட்ஸ் நகரில் இறங்கியபோது எதிரியைவிடக் கொடிய ஒன்று அங்கே காத்திருந்தது. டைபஸ். இது எங்களூரில் நெருப்புக்காய்ச்சல் என்று சொல்லும் டைபொய்ட் அல்ல. பேன் மூலம் பரவும் வேறு நோய். குளிக்க வழியில்லாமல், மாற்று உடையில்லாமல், ஒருவரோடொருவர் ஒட்டிக்கிடக்கிற காயப்பட்ட சிப்பாய்களிடையே அது காட்டுத்தீ. அப்போது அதற்கு மருந்து கிடையாது. தலைமயிரை வழித்து, உடைகளை அவித்து, பேனை ஒழிப்பது ஒன்றே வழி. அந்த நாட்டில் இருந்த சில நூறு வைத்தியர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் அந்தக் காய்ச்சலில் மாண்டார்கள். ஸ்கொட்லாந்துப் பெண்களிலும் தாதியர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் லூயிசா ஜோர்டன். 2020 இல் கொவிட் பரவியபோது கிளாஸ்கோவில் அவசரமாக அமைத்த பெரிய வைத்தியசாலைக்கு அந்தத் தாதியின் பெயரைத்தான் வைத்தார்கள்.

சொல்டோ டிப்தீரியாவில் விழ, 1915 இளவேனிலில் எல்சியே அங்கே போனார். காய்ச்சல் தணிந்திருந்தது. மீண்டும் வரக்கூடாதென்று வைத்தியசாலைகளைப் பல ஊர்களில் பிரித்து அமைத்தார். அவற்றில் ஒன்று மிளாதெனோவட்ஸில். அந்த ஊரார் நன்றிக்காக ஒரு நீரூற்றுக் கட்டி அந்தச் செப்டெம்பரில் திறந்து வைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

அடுத்த மாதமே ஜேர்மனி, ஒஸ்திரியா, பல்கேரியா மூன்றும் சேர்ந்து சேர்பியாவுக்குள் புகுந்தன. சேர்பியப் படை, பனி மூடிய அல்பேனிய மலைகளைக் கடந்து கடலை நோக்கிப் பின்வாங்கியது. பொதுமக்களும் மாடு, வண்டி, குழந்தைகளோடு கூடவே நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே பாதையில் சனம் நடப்பதென்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அணியைச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் அந்தப் படையோடு நடந்தார்கள். எல்சி நடக்கவில்லை. குருஷேவட்ஸ் என்ற ஊரில், அசைக்க முடியாத காயக்காரரோடு தங்கிவிட்டார். ஊர் எதிரியிடம் விழுந்தது. கைதியாக, அளவுக்கு மீறி நிறைந்த வைத்தியசாலையில், மூன்று மாதம் வேலை செய்தார். பொருள் வைக்கும் களஞ்சியத் தட்டுகளில்கூட நோயாளிகளைக் கிடத்த வேண்டியிருந்தது. முதலில் அவர் கைவைத்தது கழிவு வாய்க்கால்களில். சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் மலக்குழியில் தொடங்குவதன் அருமை, நெருக்கடி காலத்தில் வைத்தியம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வைத்தியசாலையில் டைபஸ் பரவவில்லை.

1916 பெப்ரவரியில் அவரை விடுவித்து நாட்டுக்கு அனுப்பினார்கள். சேர்பிய அரசு வெள்ளைக் கழுகு விருதை அளித்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். பிரித்தானிய யுத்த அமைச்சிடம், மெசொப்பத்தேமியாவில் எங்கள் சிப்பாய்கள் நோயில் சாகிறார்கள், போக விடுங்கள் என்று மறுபடி கேட்டார். மறுபடியும் மறுத்தார்கள்.

ஓகஸ்ட் முடிவில் ஏறத்தாழ 75 பெண்களோடு கப்பலேறி, ருஷ்யாவின் வடகோடியிலுள்ள ஆர்க்ஏஞ்சலில் இறங்கி, நாட்டைக் குறுக்கே கடந்து ருமேனியாவின் தொப்ருஜா போர்முனைக்குப் போனார். ருஷ்யப் படையோடு அங்கே ஒரு சேர்பியப் படைப்பிரிவு சண்டையிட்டுக்கொண்டிருந்தது. போன சில வாரங்களில் போர்முனை உடைந்தது. கூடாரம் அடிப்பதும் பிடுங்குவதும், மாட்டு வண்டியில் காயக்காரரை ஏற்றுவதுமாகப் பின்வாங்கினார்கள்.

இந்தக் காலத்தில் அவருக்குக் குடலில் புற்றுநோய். தானே வைத்தியர் என்பதால் அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. 1917 முழுவதும் எடை குறைந்து, சில நாட்களில் படுக்கையிலிருந்தபடியே கட்டளை சொல்லி, எழும்ப முடிந்த நாட்களில் வாட்டுக்குப் போனார். உடன் இருந்தவர்களுக்கும் அவர் இலகுவான தலைவி அல்லர். பிடிவாதக்காரர், தான் நினைத்ததே நடக்க வேண்டும் என்பவர். தன் நோயைப் பற்றிக் கேட்க யாருக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. மற்றவர்களைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத் தன் வயிற்று வலியைத் தள்ளிப்போடுகிற பெண் வைத்தியர்களை நான் என் கண்முன்னே கண்டிருக்கிறேன். ஒருவரை இழந்தும் இருக்கிறேன். எல்சியைப் புகழ்கிற கட்டுரைகள் இந்த இடத்தில் வீரம் என்கின்றன. எனக்கு அந்தச் சொல் தயக்கமாக இருக்கிறது. யுத்தமுனையில் அந்தக் காலத்தில் அவருக்குச் செய்யக்கூடியது அதிகமில்லை என்பதும் உண்மைதான்.

ருஷ்யாவில் புரட்சி. படைகள் கலைந்துகொண்டிருந்தன. அணியைத் திரும்பும்படி லண்டன் சொன்னது. அந்தச் சேர்பியப் படைப்பிரிவை இந்தக் குழப்பத்துக்குள் விட்டுவிட்டு வரமாட்டேன், அவர்களையும் வெளியே எடுங்கள் என்று எல்சி நின்றார். அந்தப் படையினரில் பலர் ஒஸ்திரியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பின் ருஷ்யரிடம் பிடிபட்டு, தங்கள் இனத்துக்காகப் போராட முன்வந்தவர்கள். எதிரியிடம் அகப்பட்டால் கைதிகளாக அல்ல, துரோகிகளாக நடத்தப்படுவார்கள். கடைசியில் அவர்களை வெளியேற்றும் ஒழுங்கு நடந்தது. எல்சி கப்பலேறியபோது சேர்பியரும் அதே கப்பலில் வந்தார்கள்.

1917 நவம்பர் 25 ஆம் திகதி கப்பல் நியூகாசில் துறைமுகத்தை அடைந்தது. எல்சி எழுந்து, சீருடையும் பதக்கங்களும் அணிந்து, மேல்தட்டில் நின்று ஒவ்வொரு சேர்பிய அதிகாரிக்கும் கைகொடுத்து விடைபெற்றார். அவரால் எப்படி நிற்க முடிந்தது என்று கூடவந்தவர்கள் வியந்தார்கள். மறுநாள் இரவு, அந்த நகரத்து ஹோட்டலில், சகோதரிகள் அருகிலிருக்க உயிர் பிரிந்தது. அதற்கு முன்பும் அணியை அடுத்து எங்கே அனுப்புவது என்றுதான் கதைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் 1918 இல் மசிடோனியப் போர்முனைக்கு, எல்சி இங்கில்ஸ் அணி என்ற பெயரோடு போனார்கள்.

எடின்பரோ சென். ஜைல்ஸ் தேவாலயத்தில் நவம்பர் 29 இல் இறுதி வழிபாடு. பிறகு டீன் சேமக்காலை. அதற்குப் பத்து வாரம் கழித்து, 1918 பெப்ரவரி 6 இல், பிரித்தானியாவில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பெரும்பகுதியினருக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆணுக்குச் சமமாக 21 வயதில் கிடைத்தது 1928 இல். இலங்கைப் பெண்கள் அதை மூன்று ஆண்டு கழித்து 1931 இல் பெற்றார்கள்.

அவர் பெயரால் எடின்பரோவில் 1925 இல் ஒரு மகப்பேற்று வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1988 இல் மூடப்படும்வரை அந்த நகரத்தின் பல ஆயிரம் பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். என்னோடு வேலை செய்த ஒரு வயதான தாதியும் தான் அங்கே பிறந்தவள் என்று பெருமையோடு சொல்வார். 2009 இல் கிளைட்ஸ்டேல் வங்கி வெளியிட்ட 50 பவுண் தாளிலும் எல்சியின் முகம் இருக்கிறது.

பிரித்தானியாவில் இருக்கும் எங்கள் பழைய மாணவிகள் எடின்பரோவுக்குப் போனால், பிரின்சஸ் ஸ்ட்ரீட்டின் மேற்கு முனையிலிருந்து டீன் சேமக்காலைக்கு நடந்தே போகலாம். நவீன ஓவியக்கூடத்துக்குப் பக்கத்தில் படலை இருக்கிறது. போகும் வழியில்தான் சார்லட் சதுக்கம். தோட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். நான் போன அன்று பூட்டியிருந்தது.